பிரியாணி போட்டுத் தோற்ற தலைவர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு முட்டிவலியில் தொடங்கிச் சர்க்கரை மாத்திரையில் முடிகிறது. எனக்கு அலுத்துவிட்டது. இன்று மாத்திரையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. நான் கால்பந்தைப் பற்றிப் பேசப்போகிறேன். உனக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் கிளப் ஒரு ஃபைனலில் தோற்றதற்கு எங்கள் வீட்டு அடுப்படிதான் காரணம், அது தெரிந்தும் ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்.

தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த காலம். கோரிப்பாளையத்தில் எங்கள் வீடு மாடியில். கீழே அத்தாவின், அதாவது என் அப்பாவின், வாடகை சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டும் பசையின் வாடை மாடிப்படி ஏறி எங்கள் தலையணை வரைக்கும் வரும். டியூபை முக்கிப் பார்க்கிற இரும்புச் சட்டியில் குமிழி எங்கே வருகிறது என்று கண்டுபிடிப்பதில் எனக்கு நிகர் நான்தான். பிள்ளைகளுக்கென்று மூன்று சின்ன சைக்கிள்கள் இருந்தன. மூன்றுக்கும் பிரேக் கிடையாது. சுவரில் மோதித்தான் நிறுத்த வேண்டும். இன்றைக்கு அப்படி ஒரு வண்டியைப் பிள்ளையிடம் கொடுத்தால் போலீஸ் வந்துவிடும். அன்றைக்கு எல்லோரும் முழங்காலில் எச்சில் தடவிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தோம்.

கடைக்குப் பக்கத்திலேயே கிளப் அறை. ஒரே அறை, ஒரு பெஞ்சு, ஜெர்சி வைக்கிற ஒரு தகரப் பெட்டி. வெளிச்சுவரில் நீல பெயிண்டில் கிளப்பின் பெயரும், கீழே 'தலைவர்' என்று போட்டு ஒரு மனிதரின் பெயரும் எழுதியிருக்கும். நான் சொல்லவந்த கோடை விடுமுறையில் அந்த மனிதர் தலைவராக இல்லை. விலகி ஒரு வருடம் ஆகியிருந்தது. பெயர் மட்டும் சுவரில் நின்றது. அதை வைத்துத்தான் சண்டை.

அவர் ஆற்றுக்குத் தென்கரைக்காரர். சுங்குடிச் சேலை வியாபாரம், சொந்தமாகச் சாயப்பட்டறை. வீட்டில் மனைவியோடு சௌராஷ்டிரத்தில் பேசுவார். எங்களோடு பேசும்போது எங்களைவிடச் சத்தமான மதுரைத் தமிழ். சின்ன வயதில் ஆற்று மணலைத் தாண்டி வந்து எங்கள் பொட்டலில் பந்து விளையாடியவராம். அந்தப் பாசத்தில் தலைவராகி ஆறு வருடம் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விரல் நுனிகள் மட்டும் ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் ஊதா. அந்த வாரம் பட்டறையில் என்ன நிறம் ஓடுகிறது என்று அவர் கையைப் பார்த்து நாங்கள் சொல்லிவிடுவோம்.

தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் டைலர் மாமா கழுத்தில் அளவு டேப்போடு சைக்கிள் கடைக்கு வந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ அண்ணன் வண்டியை ஓரங்கட்டுவார். அவர் ஒரு காலத்தில் எங்கள் அணியின் பின்வரிசை ஆட்டக்காரர். ஒருவர் கட்சி, பழைய தலைவர் கிளப்பைக் கெடுத்தார் என்பது. இன்னொருவர் கட்சி, அவர் இல்லாவிட்டால் கிளப்பே இல்லை என்பது. இரண்டு பேருக்கும் நடுவில் அத்தா குனிந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார். இரண்டு பேருமே நண்பர்கள் என்பதால் அத்தாவுக்கு அந்த விஷயத்தில் காது கேட்காது. மாடி ஜன்னலில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்கும்.

"அவரு வர்றதுக்கு முன்னாடி கோலுக்கு வலை இருந்துச்சா பாய்?" என்பார் ஆட்டோ அண்ணன். "பந்து உள்ள போச்சா வெளிய போச்சான்னு ஒவ்வொரு கோலுக்கும் கைகலப்பு. வலை வாங்கிப் போட்டது யாரு? சாம்பலுக்குப் பதிலா சுண்ணாம்புல கோடு போட்டது யாரு?"

"ஜெர்சியச் சொல்லுய்யா, ஜெர்சியச் சொல்லு" என்பார் டைலர் மாமா.

ஜெர்சி கதை இது. டைலர் மாமா பதினாறு வெள்ளை ஜெர்சி தைத்துக் கொடுத்தார். தலைவர் அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் பட்டறையிலேயே அரக்குச் சிவப்பில் முக்கி எடுத்துவிட்டார். முதல் மழையில் சாயம் இறங்கியது. ஆட்டக்காரர்களின் தொடை, முழங்கால், காலுறை எல்லாம் சிவப்பு. எல்லோருக்கும் ரத்தம் கொட்டுகிறது என்று நினைத்து ரெஃப்ரி விசிலடித்து ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

"தச்சவன் நானு. சாயம் போட்டது அவரு. ஊரு கேட்டது என்னைய" என்று டைலர் மாமா நெஞ்சைத் தட்டுவார். "எத்தன வருசம் ஆனாலும் அத மறக்க மாட்டேன்."

ஆனால் ஜெர்சியெல்லாம் முன்னுரைதான். பேச்சு கடைசியில் பிரியாணியில்தான் போய் நிற்கும். அங்கே வந்ததும் ஆட்டோ அண்ணனுக்கே குரல் இறங்கிவிடும்.

முந்தைய வருடம் எங்கள் கிளப் நடத்திய கோப்பைப் போட்டியில் நாங்களே ஃபைனலுக்கு வந்துவிட்டோம். எதிரணி பேரையூர்ப் பக்கத்துக் காட்டு வேலைக்காரப் பையன்கள். வெயிலில் பிறந்து வெயிலில் ஓடியவர்கள். அவர்களை ஓடி ஜெயிக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் அணி வந்தால் ஓட்டல் சாப்பாடு கிடையாது. வீட்டுக்கு ஒரு ஆட்டக்காரர் என்று பிரித்து எங்கள் வீடுகளில்தான் மதியச் சாப்பாடு. அந்த வழக்கத்திலிருந்து தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது.

"அடிக்க வேணாம், வைய வேணாம். சோறு போட்டே படுக்க வச்சிருவோம்" என்றாராம்.

பதினான்கு வீடுகளுக்கும் தன் செலவில் ஆட்டுக்கறி அனுப்பினார். ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே வந்து, "பிரியாணி கமகமன்னு இருக்கணும். தட்டு காலியாகவே கூடாது. நாலரை மணி ஆட்டத்துக்குப் பயலுக எந்திரிக்கவே கஷ்டப்படணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். "நம்ம பயலுகளுக்குக் கஞ்சி போதும்" என்றும் சொன்னார்.

எங்கள் அம்மாமார்களைப் பற்றி அவர் போட்ட கணக்கு அங்கேதான் பிசகியது. வாசலறையில் அடுத்த ஊர்ப் பையனுக்குப் பிரியாணி, உள்ளறையில் பெற்ற பிள்ளைக்குக் கஞ்சி என்று எந்தத் தாய் போடுவாள்? பதினான்கு வீட்டிலும் விருந்தாளிக்கு ஒரு தட்டு வைத்தால் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு தட்டு வைத்தார்கள். எங்கள் வீட்டில் அத்தாவின் தம்பி, என் சாச்சாதான் அணியின் கோல்கீப்பர். பன்னிரண்டு மணிக்கே மூன்று தட்டு முடித்துவிட்டு மொட்டை மாடி நிழலில் குப்புறப் படுத்தவரை மூன்றரைக்கு அத்தா உலுக்கி எழுப்பினார்.

ஆட்டத்தை நான் அத்தாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். அப்படி ஓர் ஆட்டத்தை உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் கல்யாண வீட்டிலிருந்து வந்தவர்கள் மாதிரி நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் நடு ஆட்டக்காரர் சுண்ணாம்புக் கோட்டின் மேல் உட்கார்ந்து ஏப்பம் விட்டார். எதிரணிக் கேப்டன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நின்றபடியே இருந்தார். ஒரே ஒருவன் மட்டும் ஓடினான். அவர்களுடைய முன்வரிசைப் பையன். ஒல்லி, கறுப்பு, காற்று மாதிரி ஓட்டம். மூன்று கோல். மூன்றாவது கோலுக்குச் சாச்சா பாயவே இல்லை. பந்து போகிற வழியைப் பார்த்து, போயிட்டு வா என்பதுபோல் நின்றார்.

அன்று சாயங்காலமே தலைவர் பதவியை விட்டு விலகினார். அதற்குப் பிறகு பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வரவே இல்லை. எல்லாப் பையனும் சுருண்டு கிடக்க அந்த ஒருவன் மட்டும் எப்படி ஓடினான் என்பது கோரிப்பாளையத்தின் பெரிய மர்மமாகிவிட்டது. தலைவர் அந்த ஒருவனைக் கவனிக்காமல் விட்டார் என்றார்கள். கறி அனுப்பியதிலேயே குளறுபடி என்றார்கள். எந்தப் பையன் எந்த வீட்டில் சாப்பிட்டான் என்ற பட்டியல் தலைவரின் சட்டைப்பையில்தான் இருந்தது. அவரிடம் கேட்டதற்கு, "என் தப்புதாய்யா, எல்லாம் என் தப்புதான்" என்றாராம்.

அந்தப் பையன் சாப்பிட்டது எங்கள் வீட்டில்.

ஒரு மணிக்கு வந்தான். அத்தா பொட்டலில் சுண்ணாம்புக் கோடு போடப் போயிருந்தார், சாச்சா மாடியில் தூக்கம். தோளில் துணிப்பை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூட்ஸ். அம்மா பிரியாணிச் சட்டியின் மூடியைத் திறந்ததும் அவன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அம்மாவின் கண் அவன் மணிக்கட்டுக்குப் போனது. அதில் மஞ்சள் துணியில் முடிந்த காப்பு.

"ஊருல சாமி கும்பிடா தம்பி?"

"ஆமாக்கா. அம்மன் கோயில் பொங்கல். காப்புக் கட்டியாச்சு. ராத்திரிக்குள்ள ஊரு திரும்பணும், கறி தொடக் கூடாது" என்றான். பிறகு அவசரமாக, "கோவிச்சுக்காதீங்க அக்கா. வாசத்துலயே வயிறு நெறஞ்சிருச்சு" என்றான்.

அம்மா ஒரு நிமிடம் அசையாமல் நின்றது. தலைவரின் திட்டம், கிளப்பின் மானம், கொழுந்தன் கோல்கீப்பர் என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அம்மாவின் தலைக்குள் ஓடியிருக்க வேண்டும். பிறகு பரணிலிருந்து, வாங்கி இன்னும் புழங்காத அலுமினியச் சட்டியை இறக்கிக் கழுவி, ஸ்டவ்வை வாசலறைக்கே கொண்டுவந்து, அவன் கண்ணெதிரிலேயே சோறு வடித்தது. "புதுச் சட்டி தம்பி, கறி படாதது. மனசாரச் சாப்பிடு" என்று வாழை இலையில் மோர்ச்சோறு போட்டது. தொட்டுக்கொள்ள உப்பு போட்ட மாங்காய்க் கீற்று. அவனுக்கென்று வைத்த பிரியாணி யார் வயிற்றுக்குள் போனது என்று நீங்கள் கேட்காதீர்கள். நான் உள்ளறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

ராத்திரி படுக்கும்போது அம்மா என் காதில், "மோர்ச்சோறு கதைய யாருட்டயும் சொல்லாத. அத்தாட்டயும் சொல்லாத. குரான் மேல சத்தியமா?" என்றது. சத்தியம் செய்தேன். ஒன்பது வயதில் சத்தியம் லேசாக வரும். அதைச் சுமப்பதுதான் கஷ்டம்.

அடுத்த கோடை வரைக்கும் சுமந்தேன். டைலர் மாமா தலைவரை வைவதைக் கேட்கும்போதெல்லாம் ஜன்னலை விட்டு இறங்கிவிடுவேன். ஒரு முறை ஆட்டோ அண்ணனிடம் போய், "அந்தப் பையனுக்கு வயித்துவலியா இருந்திருக்குமோ, சாப்பிடாம விட்டுருப்பானோ?" என்று பட்டும்படாமல் கேட்டுப் பார்த்தேன். "வயித்துவலிக்காரன் மூணு கோல் போடுவானா தாயி?" என்று அவர் என் தலையில் தட்டிவிட்டுப் போனார்.

பெருநாளுக்குச் சேலை எடுக்க அத்தா என்னைத் தென்கரைக்குக் கூட்டிப்போனார். பழைய தலைவரின் கடைதான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். சேலைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டே அத்தாவிடம் தொழில் பேசினார், மழை பேசினார், கிளப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புறப்படும்போது என்னிடம் குனிந்து, "இந்த வருசம் கோடெல்லாம் போட ஆரம்பிச்சுட்டாங்களா பாப்பா? சுண்ணாம்புலதான போடுறாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய். அந்த வருடம் திரும்பவும் சாம்பலுக்கே போய்விட்டார்கள். பாலத்தில் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வரும்போது எனக்கு அழுகை அழுகையாக வந்தது. தூசி விழுந்துவிட்டது என்று அத்தாவிடம் சொன்னேன்.

அந்த வருடக் கோப்பைப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புதுக் கமிட்டி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. பழைய தலைவருக்கு அழைப்பிதழ் கொடுப்பதில்லை, சுவரில் உள்ள பெயரை அழித்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சைக்கிள் கடை முன்னால் கூட்டம். டைலர் மாமா ஒரு கையில் வெள்ளை பெயிண்ட் டப்பாவும் இன்னொரு கையில் பிரஷ்ஷுமாகவே வந்துவிட்டார்.

"அழிச்சா நான் இந்தப் பக்கம் வண்டிய நிறுத்த மாட்டேன்" என்றார் ஆட்டோ அண்ணன்.

"நிறுத்தாத. வழி விசாலமா இருக்கும்" என்றார் டைலர் மாமா. "ஒத்தப் பயலக் கவனிக்காம விட்டு ஊரு மானத்த வாங்குன ஆளு. அவரு பேரு எதுக்கு இங்க? கை தூக்குங்க."

கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. ஜன்னலிலிருந்து எண்ணினேன். பாதிக்கு மேல் போய்விட்டது. டைலர் மாமா பிரஷ்ஷை டப்பாவுக்குள் விட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"டைலர் மாமா, அழிக்காதீங்க! அந்தப் பையனுக்கு எங்கம்மாதான் மோர்ச்சோறு போட்டுச்சு!"

கத்திய வேகத்தில் ஜன்னல் கம்பியில் நெற்றி இடித்துக்கொண்டேன். தெரு முழுக்க மேலே பார்த்தது. அத்தா கையிலிருந்த பம்பு கீழே விழுந்தது. அடுப்படியில் தோசைக் கரண்டியின் சத்தம் நின்றது. அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படி இறங்கியது. ஆம்பளைகள் கூடியிருக்கும் தெருவில் அம்மா நின்று பேசி அதுவரை நான் பார்த்ததில்லை. சத்தியத்தை உடைத்து அம்மாவை ஊர் வாயில் போட்டுவிட்டேன்.

"புள்ள சொன்னது நெசந்தான்" என்றது அம்மா. "பையன் காப்புக் கட்டியிருந்தான். கறி தொட மாட்டான். பட்டினியா அனுப்பச் சொல்றீங்களா? அதான் மோர்ச்சோறு போட்டேன். இது புள்ளைக்குத் தெரியும். அவளுக்கும் தெரியாத ஒண்ணு இருக்கு. பையன் இலையில உக்காந்திருக்கப்ப தலைவரு அண்ணே வந்தாரு. வீடு வீடாப் பாத்துட்டு வந்தவரு. வாசல்ல நின்னு இலையப் பாத்தாரு, பையன் கையப் பாத்தாரு. நான் வெலவெலத்துப் போயிட்டேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'நல்லாப் போடு தங்கச்சி, மோர் பத்தலைன்னா வாங்கியாரச் சொல்லு'ன்னாரு. போறப்ப, 'இது வெளிய தெரிய வேணாம், ஒன்னைய யாரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாது'ன்னாரு."

அதெல்லாம் நடந்தபோது நான் உள்ளறையில் இரண்டாவது தட்டில் இருந்திருக்கிறேன்.

"ஒரு வருசமா அவரு பேரு கெட்டுச்சு. நான் பயந்துக்கிட்டு வாயத் தொறக்கல" என்றது அம்மா. "அழிக்கணும்னா என் பேர எழுதி அழிங்க."

சாச்சாதான் முதலில் வாயைத் திறந்தார். "அது சரி மதினி, அவனுக்கு மோர்ச்சோறு. எனக்கு மட்டும் எதுக்கு மூணு தட்டு பிரியாணி?"

"நீ கேட்ட, போட்டேன்" என்றது அம்மா.

முதலில் சிரித்தது அத்தா. பிறகு தெருவே சிரித்தது. அம்மாவை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. தலைவரும் அம்மாவும் எங்கள் தெருவைப் பற்றி ஒரு வருடம் தப்பாக நினைத்துப் பயந்திருக்கிறார்கள். நானும் டைலர் மாமாவைப் பற்றித் தப்பாகத்தான் நினைத்திருந்தேன். ஒரு மனிதரை வருடம் முழுக்க, ஒரு நாள் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறவருக்கு அவர்மேல் இருப்பது வெறுப்பு மட்டும்தானா என்று பத்து வயதில் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

டைலர் மாமா பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்துக்கொண்டே நின்றார். "இருந்தாலும் பிரியாணி யோசனை முட்டாத்தனந்தான். ஜெர்சி அதவிட முட்டாத்தனம். அதுல நான் மாற மாட்டேன்" என்றார். பிறகு ஆட்டோ அண்ணனைப் பார்த்து, "ஆனா செவத்துட்ட சொல்லி என்ன பிரயோசனம்? வண்டிய எடு மாப்ள. அவரு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டு வாரேன்" என்றார்.

ஆட்டோவில் அவர்கள் இரண்டு பேரும், அத்தாவும், நானும். அம்மாதான் என்னை ஏற்றிவிட்டது. "போயி நடந்ததச் சொல்லு" என்றது. கோபமா இல்லையா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏற்றிவிடும்போது என் நெற்றி வீக்கத்தை முந்தானையால் ஒற்றியது. போதும் என்று இருந்தது.

தலைவர் வீட்டு வாசலில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். கை அன்றைக்குப் பச்சை. எங்களைப் பார்த்ததும் எழுந்தவரை டைலர் மாமா உட்காரவும் விடவில்லை, வாங்க என்று சொல்லவும் விடவில்லை. நான் சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் அவரே சொல்லி முடித்துவிட்டு, ஜெர்சியில் ஆரம்பித்தார். கெட்டிச் சாயம் போடத் தெரியாதவன் பட்டறை எதற்கு வைக்கணும் என்றார். பெற்ற தாய்களிடம் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றச் சொன்ன புத்தி யாருக்கு வரும் என்றார். செய்யாத தப்புக்கு ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்திருப்பவனை என்ன சொல்லித் திட்டுவது என்று கேட்டபோது மட்டும் அவர் குரல் உடைந்தது.

தலைவர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். நிமிர்ந்தபோது கண் இரண்டும் நிறைந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"அம்புட்டுத்தானா பாய்?"

"இன்னும் இருக்கு!"

"அப்ப மிச்சத்த மைதானத்துல வந்து கேட்டுக்கறேன். இருங்க, சட்டையப் போட்டுட்டு வாரேன்" என்று உள்ளே ஓடினார்.

ஆட்டோவில் இடம் பத்தவில்லை. நான் அத்தா மடிக்கு மாறினேன். பாலம் முடிகிற வரைக்கும் டைலர் மாமாவும் தலைவரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.